எண்ணாமல் சொன்ன மூன்று

என் தங்க மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதல் வரி, மற்றதெல்லாம் அப்புறம். இங்கே அப்பா சுகம். உன் அத்தையும் சுகம்தான், மூட்டு வலி இன்னும் வாய் வரைக்கும் ஏறவில்லை, அது பழையபடி நன்றாக ஓடுகிறது. நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்த வார்த்தைக்குப் போக மறுக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன்மேல் தப்பில்லை. பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் கூட இரு அம்மா, பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்றுகூட எனக்குத் தெரியாது என்று நீ கேட்டாய். நான் என்ன சொன்னேன்? என்னால வர முடியாது, வேற ஆளப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பெற்ற தாய் பேசுகிற பேச்சா அது. நீ அழுதிருப்பாய், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே உனக்கு வெட்கமாக இருந்திருக்கும், சம்பந்தியம்மா காதில் விழுந்திருந்தால் இன்னும் கஷ்டம். நீ நினைக்கிற மாதிரி வேலையை விட மனசில்லாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. உன் பிள்ளையை என் கையில் கொடுக்கலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அதனால் சொன்னேன். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் எழுதப் போகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுவேன், இல்லையென்றால் கத்துவேன், இப்போதெல்லாம் எனக்கு இரண்டில் எது வரும் என்று எனக்கே தெரிவதில்லை. கடிதம் நீளமாக இருக்கும், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படி, வீக்கம் வடியும்.

பதினாலு மாதமாக எனக்கு மாதவிடாய் நிற்கப் போகிற காலத்துக் கோளாறு. நீ வயதுக்கு வந்தபோது எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன், முடிகிற கதையை மட்டும் நான் வாயே திறக்கவில்லை, என்னிடமும் யாரும் சொன்னதில்லை. நின்றால் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கிற விதம் இருக்கிறதே, போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி. மூன்று மாதம் வராது, அப்புறம் வந்தால் பதினேழு நாள் குழாய் திறந்த மாதிரி போகும். திடீரென்று நெஞ்சுக்குள் இருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும், ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் அதே உடம்பு குளிரில் நடுங்கும். தூக்கம் போய்விட்டது. வார்த்தை போய்விட்டது, அப்பாவிடம் அந்த, அந்த, அது எடுங்க என்று நிற்பேன், அவர் கரண்டியில் இருந்து செருப்பு வரை வரிசையாக எடுத்துக் காட்டுவார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பதும் அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கொள்வதுமாக ஒரு வருஷம் குடித்தனம் நடந்தது, பாவம் மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தன்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உன் அத்தையிடம் போய்க் கேட்டாராம். அவள், எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான், நாங்கல்லாம் ஊரக் கூட்டிச் சொல்லிக்கிட்டா திரிஞ்சோம், தன்னால சரியாப் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அத்தை ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன்.

என் வேலையைப் பற்றி நீ சின்ன வயதில் கேட்டால் டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பேன் என்று சொல்லி முடித்துவிடுவேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு, எண்ணுவது. வயிற்றைத் திறந்தால் ரத்தம் ஒற்றவும் குடலை ஒதுக்கி வைக்கவும் கைக்குட்டை அளவில் தடித்த துணி வைப்போம், அதற்கு மாப் என்று பேர். ஒரு கட்டுக்கு ஐந்து. தொடங்கும்போது நானும் மேஜையைத் தொடாமல் தள்ளி நிற்கிற இன்னொரு சிஸ்டரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவோம், அவள் பலகையில் எழுதுவாள். வயிற்றை மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ண வேண்டும். நனைந்து வெளியே போட்டதை அவள் தரையில் ஐந்தைந்தாகப் பரப்பி எண்ணுவாள், மேஜையில் மிச்சம் இருப்பதை நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி எண்ணுவேன், இரண்டும் சேர்ந்து பலகையில் இருக்கிற எண் வந்தால் கணக்குச் சரி டாக்டர் என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்னால்தான் தையல். இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறேன், ஒரு தடவை தவறியதில்லை, அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

இந்தச் சூடு அந்த இடத்தில் ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, உடம்புக்கு முழு அங்கி, கைக்கு இரண்டு அடுக்குக் கையுறை, தலைக்கு மேல் சூரியன் மாதிரி விளக்கு. முகத்தைத் துடைக்கக்கூடாது, மூக்கு அரித்தாலும் தொடக்கூடாது. வியர்வை புருவத்தில் வந்து நிற்கும், அது சொட்டினால் போச்சு. என்னோடு எண்ணுகிற சிஸ்டர், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம், வாய் ஓயாது, அவள்தான் ஓடி வந்து துடைப்பாள். கீழே வேறு, எத்தனை அடுக்கு வைத்துக்கொண்டு போனாலும் நாலு மணி நேரம் நின்றால் தாங்காது, அங்கி பச்சை நிறம் என்பதால் தப்பித்தேன். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். சொன்னால் தியேட்டரை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம். சூடு ஏறுகிற நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்தால் எண் அப்படியே கரைந்து போகும், அப்போது இன்னொரு வாட்டி என்று சொல்வேன். சொல்லலாம், அது விதியிலேயே உண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அந்த வாரம் திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் காலை முதல் கேஸில் ஒன்று என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் சிரித்துக்கொண்டே, என்ன சிஸ்டர், ஒண்ணாம் வாய்ப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கணுமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குள் செத்துப் போனேன்.

அன்றைக்கு இரண்டாவது கேஸ் கர்ப்பப்பை எடுப்பது. தையல் கடை வைத்திருக்கிற அம்மா, ஐம்பத்துமூன்று வயது, என்னைப் போலவே ரத்தம் போய்ப்போய் வெளுத்திருந்தாள். டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், பீரங்கி, நீ பள்ளிக்கூடம் விட்டு என்னைத் தேடி வந்தபோது செருப்பைக் கழற்றச் சொல்லிக் கத்தினாளே அவளேதான். கை தங்கம், வாய் வெடிகுண்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்து மூடுகிற நேரம். பலகையில் பதினைந்து. ரேடியோ தரையில் எண்ணி பன்னிரண்டு என்றாள். உங்க கையில எத்தன என்று கேட்டாள். நான் மேஜையைப் பார்க்கிறேன், சூடு கழுத்தைத் தாண்டிவிட்டது, கண்ணுக்கு முன்னால் துணிகள் வெள்ளையும் சிவப்புமாகக் கலங்குகின்றன, ஒன்று என்று எடுக்கிறேன், அடுத்தது இரண்டா அதே ஒன்றா என்று தெரியவில்லை. பீரங்கி, சொல்லுங்க சிஸ்டர், ஊசி காத்துக்கிட்டிருக்கு என்றாள். மூன்றாம் தடவை இன்னொரு வாட்டி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினைந்தில் பன்னிரண்டு போனால் மூன்று, அதைத்தான் கணக்குப் போட்டேன். மேஜையை எண்ணவில்லை, பலகையைப் பார்த்துக் கழித்தேன். மூணு என்றேன். கணக்குச் சரி டாக்டர் என்றேன். என் கையை எட்டிப் பார்க்க வேண்டியது ரேடியோவின் வேலை, இருபத்தாறு வருஷம் தவறாத வாய் சொல்கிறது என்று அவளும் பார்க்கவில்லை.

மகளே, பலகையில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு எண்ணைச் சொல்வது எங்கள் வேலையில் கொலைக்குச் சமம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

தோல் வரைக்கும் தைத்து முடித்து டாக்டரம்மா வெளியே போனாள். நான் மேஜையைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காலி செய்தேன். சூடு இறங்கி, தலை தெளிந்து, கை குளிர்ந்திருந்தது. ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். மூன்றாவதைக் காணோம். மேஜைத் துணியை உதறினேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன், ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், மறுபடி போட்டு மறுபடி கவிழ்த்தேன். என் அங்கியின் மடிப்பில்கூடத் தேடினேன். துணி ஒன்று வயிற்றுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் ஒன்றும் தெரியாது, பத்து நாளில் சீழ், ஒரு மாதத்தில் ஆள் இருக்காது. அப்புறம் போனேன். டாக்டரம்மா ஓய்வறையில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர், நான் சொன்ன கணக்குத் தப்பு, ஒண்ணு குறையுது, நான் எண்ணாமச் சொல்லிட்டேன் என்றேன். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கத்தவில்லை. பேனா மூடியைப் போட்டாள், எழுந்தாள், ஆள இறக்காதீங்க, எக்ஸ்ரே கொண்டு வரச் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அந்தத் துணிக்குள் ஒரு நூல் வைத்துத் தைத்திருப்பார்கள், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. படத்தில் அது இடுப்பெலும்புக்கு மேலே வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. குடலுக்குப் பின்னால் நானே மடித்துக் கொடுத்தது. மறுபடி மயக்கத்தை ஏற்றி, போட்ட தையலைப் பிரித்து, எடுத்து, மறுபடி மூட ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. நானே பக்கத்தில் நின்று கொடுத்தேன், வேறு ஆளைப் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு டாக்டரம்மா, வேண்டாம், அவங்களே நிக்கட்டும் என்றாள். தண்டனையா நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முடிந்ததும் கை கழுவுகிற இடத்தில் என்னிடம் திரும்பாமலே, எத்தன மாசமா இப்படி என்று கேட்டாள். பதினாலு மாசமா என்றேன். ஏன் சொல்லல. நீங்க எரிஞ்சு விழுவீங்கன்னுதான். குழாயை மூடினாள். ஆமா, விழுந்திருப்பேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டும் அல்லவா. அதே வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வார்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள், நானும் கூடப் போய் நின்றேன், வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, எண்ணுனது நீங்களா என்றாள். ஆமாம்மா, நான்தான், மன்னிச்சுக்கோங்க என்றேன். இனிமே என் கட்டில் பக்கம் நீங்க வராதீங்க என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தானே. போகிற நாளிலும் அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் எதிரில் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான், உடை மாற்றும் அறையில் ஒற்றைக் காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, உன் போன் வந்தது. பிள்ளையை நீதான் குளிப்பாட்டணும் என்கிறாய். தண்ணீரில் வழுக்குகிற சின்னக் கழுத்தும், அதைப் பிடித்திருக்கிற என் கையும், சூடு ஏறி மங்குகிற என் கண்ணும்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னேன், வைத்தேன், செருப்பு மாட்டாத காலோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் விசாரணை. நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கட்டுல நாலு துணிதான் இருந்துச்சுன்னு எழுதிடு, கம்மியா வந்த கட்டுன்னு முடிஞ்சிடும் என்றாள். அப்படி எழுதினால் மாப் துணியை ஐந்தைந்தாகக் கட்டி அனுப்புகிற பிரிவில் இருக்கிற அக்காவின் வேலை போய்விடும், அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. மாட்டேன் என்றேன். சரி, தப்பு என்னுதுன்னு எழுது, காரணம் எழுதாத, இந்த மெனோபாஸ் கதையெல்லாம் வேண்டாம் என்றாள். எனக்கு வீம்பு வந்தது, ஏன் எழுதக்கூடாது என்று கேட்டேன். அவள் சொன்னதும் சும்மா தள்ளிவிடுகிற பேச்சல்ல. தியேட்டர்ல நீங்க ஒன்பது பேரு, அதுல அஞ்சு பேரு நாப்பத்தஞ்சத் தாண்டினவங்க, நீ ஒருத்தி எழுதினா அஞ்சு பேரையும் வார்டுக்கு அனுப்பிடுவாங்க, உன் மனசாட்சிக்கு அவங்க பலியாகணுமா என்றாள். அன்றைக்கே மற்ற நாலு பேரும் வந்துவிட்டார்கள், ஒருத்தி கெஞ்சினாள், ஒருத்தி மிரட்டினாள். ரேடியோ மட்டும், ஆனைக்கும் அடி சறுக்கும்னு எழுதிட்டுப் போயேன்டி என்றாள். அவளும் மாட்டியிருக்கிறாள் இதில், பார்க்காமல் விட்டது அவள், இருந்தும் என்னைத் திட்டவில்லை.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அப்பாவிடம்தான் சொன்னேன். எல்லாவற்றையும், ரத்தப்போக்கு முதல் எக்ஸ்ரே வரைக்கும். அவர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து கேட்டார். கோபம் வந்துவிட்டது அவருக்கு, எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்து மூன்றாவது தடவை. நடுவுல நின்னு போற லிப்டுக்குள்ளகூட ஒரு மணி வச்சிருக்கோம்டி, மாட்டிக்கிட்டவன் அடிப்பான், நான் ஓடுவேன், பதினாலு மாசமா மாட்டிக்கிட்டு நின்ன நீ ஒரு தடவ அடிச்சிருக்கலாமே என்று கத்தினார். லிப்ட் மெக்கானிக்குக்கு உலகமே லிப்டுதான். ஆனால் அதைக் கேட்டபின் எனக்கு எழுத வந்தது. சூடு ஏறியது என் தப்பில்லை, மறைத்தது என் தப்பு, இரண்டையும் எழுதினேன். எனக்கு மாதவிடாய் நிற்கிற காலம், இன்னின்ன தொந்தரவு இருக்கிறது, இது யாருக்கும் வரும், மறுபடி எண்ணுகிறேன் என்று கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, சிரிப்பார்கள் என்று பயந்து கேட்கவில்லை, ரேடியோவை ஏமாற்றியதும் நான்தான் என்று முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முடிவு போன வாரம் வந்தது. மூன்று மாதம் தியேட்டருக்குள் போகக்கூடாது, கருவி கழுவுகிற பிரிவில் வேலை, அப்புறம் மருத்துவச் சான்றிதழ் பார்த்துத்தான் சொல்வார்களாம். மற்ற நாலு பேரை இதுவரை ஒன்றும் செய்யவில்லை, இனிமேல் செய்ய மாட்டார்கள் என்று யாரும் உத்தரவாதம் தரவும் இல்லை. அதில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை, எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். மூன்றாம் தடவையும் நாலாம் தடவையும் எண்ணச் சொன்னால் யாரும் கிண்டல் செய்யக்கூடாது என்று டாக்டரம்மா தன் கையெழுத்தில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாளாம், ரேடியோ சொன்னாள். நான் போய்ப் பார்க்க முடியாது.

உடம்பை வேறொரு டாக்டரிடம் காட்டினேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், நர்ஸ் உடம்பும் அப்படித்தான், ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்தது, இதை வைச்சுக்கிட்டு எப்படிம்மா நின்னீங்க என்று அந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். பயப்படுகிற மாதிரி கட்டி எதுவும் இல்லை, எல்லாச் சோதனையும் ஆயிற்று. மாத்திரை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ரத்தப்போக்கு அடங்கிவிட்டது. சூடு நாளைக்கு ஏழெட்டு தடவை வந்தது இப்போது இரண்டு மூன்று. தூங்குகிறேன். வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, நேற்று அப்பாவிடம் இடுக்கி என்று ஒரே தடவையில் கேட்டுவிட்டேன், மனிதர் கைதட்டினார். உனக்கு ஒரு சொல், இதைப் புத்தி சொல்வதாக நினைக்காதே. பிள்ளை பிறந்ததும் உன் உடம்பும் உன்னைக் கேட்காமல் பல வேலை செய்யும், காரணமில்லாமல் அழுகை வரும், பிள்ளையைப் பார்த்தே எரிச்சல் வரும், அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல், பதினாலு மாதம் காத்திருக்காதே.

உன் நாளுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. லீவு கேட்டால் கொடுப்பார்கள், இப்போது என்னைத் தடுக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் நான் வேண்டியவளாக இல்லை. வர ஆசையாக இருக்கிறது. அன்று வேற ஆளப் பாத்துக்கோ என்று சொன்ன நிமிடத்திலிருந்து ஆசையாகத்தான் இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டு உனக்குச் சொல்லலாம் என்று அப்பா சொன்னார், நான் விடவில்லை. காரணம், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை அறிக்கையில் எழுதவில்லை, டாக்டரம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் சொல்லவில்லை.

அன்று அந்தப் பக்கத்து அறையில் குப்பைக் கூடையை இரண்டாம் தடவை கவிழ்த்த பிறகு நான் நேராக டாக்டரம்மாவிடம் போகவில்லை. அலமாரியில் புது மாப் கட்டு இருந்தது. அதை எடுத்தேன். ஒன்றை உருவிக் கொஞ்சம் ரத்தத்தில் புரட்டி மேஜையில் போட்டால் மூன்று ஆகிவிடும், என் வாய் சொன்னது நிஜமாகிவிடும், இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தேதான் எடுத்தேன், அப்போது எனக்குச் சூடு இல்லை, தலை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, உடம்பின் மேல் பழி போட முடியாது. கட்டின் மேல் ஒட்டியிருந்த டேப் என் கையுறையில் ஒட்டிக்கொண்டது, பிய்த்துப் பார்க்கிறேன், பிய்ந்து வரவில்லை, அந்த நேரத்துக்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா மயக்கத்தில் ஒரு முனகல் முனகினாள். கட்டை வைத்துவிட்டு ஓடினேன். டேப் சட்டென்று பிய்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நல்லவள்தான், செய்திருக்க மாட்டேன் என்று உனக்கு எழுதினால் அதுவும் எண்ணாமல் சொல்கிற மூன்றுதான்.

உன் பிள்ளையைத் தூக்கப் போகிற கை இது. தெரிந்து கொண்டு நீ சொல். வா என்றால் அடுத்த வண்டிக்கு வருகிறேன். வேண்டாம் என்றால் எனக்கு வலிக்கும், பொய் சொல்லவில்லை, நிறையவே வலிக்கும், ஆனால் உன்மேல் ஒரு மனத்தாங்கலும் வராது, மாப்பிள்ளையிடமோ சம்பந்தியிடமோ முகம் சுளிக்க மாட்டேன், பிள்ளையைப் போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் உன் வாயால் சொல், போனை எடுத்துச் சொல்.

உனக்குச் சுகமாகப் பிரசவம் ஆகட்டும், வலி குறைவாக இருக்கட்டும், பிள்ளை பத்து விரலோடு வீறிட்டு அழட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே, உடம்பில் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிப் போடு. தலைசுற்றல் வந்தால் சமாளித்துக்கொண்டு நிற்காதே, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடு, யார் பார்த்தாலும் பரவாயில்லை.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா